அனுமதியில்லாத நகல்

அந்த நர்சிங் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் லைப்ரரியக்கா. பதினோரு வருஷத்தில் ஒரு மாணவியைக்கூட வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது.

மருந்தியல் பாடத்துக்கு ஒரு தடித்த புத்தகம். அறுபது மாணவிகளுக்கு நூலகத்தில் இருந்தது இரண்டே பிரதி. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து எவனோ இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். லைப்ரரியக்கா அதை ஏற்றவுமில்லை, இறக்கி யாருக்கும் கொடுக்கவுமில்லை. நூலகத்தின் இணையப் பக்கத்தில் ‘எங்கே கிடைக்கும்’ என்றொரு பட்டியல் வைத்திருந்தாள், அதில் லிங்க்கை மட்டும் போட்டாள். வழி காட்டுவதும் குற்றமாகுமா என்று, லிங்க் போட்ட இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை.

காலையில் உறையைப் பிரித்து முதல் தாளைப் பாதிதான் படித்தாள். பதிப்பகத்தின் பெயர், அவளுடைய பதவி, பதிப்புரிமை மீறல். அதற்கு மேல் படிக்கத் தைரியம் வரவில்லை. மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள், பூட்டிவிட்டால் கடிதம் கடிக்காது என்பதுபோல. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். இந்த வேலையும் போனால் என்ன கதி?

நாத்தனார் வக்கீல். அவளுக்குப் போன் போட்டாள். வெறும் லிங்க் கொடுத்ததே மீறலா என்பதில் சட்டம் படித்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது என்றாள் நாத்தனார். ஆமாம் என்பவர்களும் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு.

“ஆனா எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான். அது திருட்டு நகல்னு தெரிஞ்சே காட்டினியா, தெரியாமக் காட்டினியா?”

“எனக்கெப்படித் தெரியும் அண்ணி?”

பச்சைப் பொய். நாத்தனார் நம்பிவிட்டாள். உடனே லிங்க்கை மட்டும் எடுத்துவிடு, வேறு எதையும் தொடாதே, சாயங்காலம் நோட்டீஸை முழுசாகக் கொண்டு வா என்று சொல்லி வைத்தாள்.

பொய் எப்படியென்றால், லைப்ரரியக்காவுக்கு ஒரு பழக்கம். எதைப் பட்டியலில் சேர்த்தாலும் அதன் நிலைமையைக் கீழே எழுதிவிடுவாள். அட்டை கிழிந்தது, பூச்சி அரித்தது, ஓரத்தில் பேனாக் கிறுக்கல். அந்த லிங்க்கின் கீழேயும் சிரத்தையாக எழுதியிருந்தாள்: ‘அனுமதியில்லாத நகல். 212ஆம் பக்கம், குழந்தைகளுக்கான மருந்தளவு அட்டவணை, இதில் இல்லை. நூலகப் பிரதியில் பார்த்துக்கொள்ளவும்.’ திருட்டுக்குத் துணை போகிற எவரும் இப்படி வாக்குமூலம் எழுதி ஒட்டமாட்டார்கள். நூலகர்தான் செய்வார்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். கழுத்துக்குச் சுருக்கு அந்தக் குறிப்புதான் என்று பட்டது. தேர்ந்தெடுத்தாள், அழித்தாள், சேமித்தாள். மூச்சு விடுவதற்குள் பியூன் வந்து நின்றார். பிரின்சிபால் உடனே வரச் சொன்னாராம். திரையை அப்படியே மூடிவிட்டு ஓடினாள்.

பிரின்சிபால் மேடம் மேஜையிலும் அதே நோட்டீஸ் கிடந்தது. அவர் இரண்டாம் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அவள் படிக்கப் பயந்த தாள். நூலகப் பக்கத்தின் படம், தேதியோடு. குறிப்பின் முதல் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

“இது நீங்க எழுதினதா?”

மேடம் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“இப்போ பார்த்தா குறிப்பைக் காணோம். லிங்க் மட்டும் அப்படியே இருக்கு.”

அப்போதுதான் உறைத்தது. எடுக்கச் சொன்னதை விட்டுவிட்டு, தொடாதே என்றதை எடுத்திருக்கிறாள். இந்த வாரம் மூன்றாம் வருஷத்துக்குக் குழந்தைகள் வார்டில் பயிற்சி. எச்சரிக்கை இல்லாத அந்தப் புத்தகத்தை இந்த நேரத்தில் யாராவது இறக்கிக்கொண்டிருக்கலாம். காலையிலிருந்து அவள் பட்ட பயமெல்லாம் தனக்காக. இது வேறு பயம், இதில் உட்காரக்கூட முடியவில்லை.

“எழுதினதும் நான்தான் மேடம், அழிச்சதும் நான்தான்,” என்றாள். “திருட்டு நகல்னு தெரியும்.”

வேலை இருக்கிறது, இல்லை என்று மேடம் எதுவுமே சொல்லவில்லை. லைப்ரரியக்கா நின்றபடியே மேடத்தின் கீபோர்டை இழுத்து, நூலகக் கணக்கில் நுழைந்து லிங்க்கை எடுத்தாள். அந்த இடத்தில், ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு என்று தொடங்கி, 212ஆம் பக்கத்தைப் பற்றி மறுபடி அடித்தாள். இரண்டு முறை பிழையாகி, திருத்தினாள். பிரின்சிபால் பார்த்துக்கொண்டே இருந்தார். பயம் போகவில்லை என்றாலும், முன்பு எழுதிய குறிப்பின் முதல் இரண்டு சொற்களான ‘அனுமதியில்லாத நகல்’ என்பதையும் விடாமல் அடித்தாள்.