துண்டுக்கடியில் இரண்டு விரல்

"உள்ள ஓடறவங்கதானே கோல் போடல? வெளிய நிக்கறவர எதுக்குப்பா திட்டறாங்க?"

காவியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பாலக்கோடு மைதானத்தின் ஓரத்தில் அப்பா அர்ச்சுனனின் மடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். உதயம் கால்பந்துக் கழகம் அன்று தோற்றுக்கொண்டிருந்தது. "அவருதாம்மா கோச்சு. திட்டு வாங்கறதும் அவரு வேலதான்" என்றான் அர்ச்சுனன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் குழந்தை மட்டும் தனக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதுபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்த முள்ளாக ஆகிவிட்டது. மறந்திருப்பான், குனியும்போது குத்தும்.

உதயம் கழகத்தை ஆரம்பித்தவர்கள் தக்காளி மண்டிக்காரர்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் மண்டியில் பெட்டி தூக்குகிற இளைஞர்கள். விடியுமுன் வேலைக்கு வந்து, லாரிகளில் சுமை ஏற்றிவிட்டு, தோளில் தக்காளிச் சாறு காயக் காய மைதானத்துக்கு வருவார்கள். அர்ச்சுனன் மண்டியில் கணக்குப்பிள்ளை, கழகத்தில் செயலாளர். தலைவர் பச்சியப்பன்தான் அவனுக்கு மண்டி முதலாளியும். கோச் மாதவராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மைதானத்தை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறையைக் கழகம் அவருக்குக் கொடுத்திருந்தது. அந்த அறைதான் அவருக்கு வீடு, விலாசம், எல்லாம்.

இந்த வருடம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் தோற்றாயிற்று. இன்னும் ஒன்று தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். கோச்சை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை காலை ஏலம் முடிந்ததும் மண்டியில் கமிட்டி கூடியது. ஐந்து பேர்.

உரக்கடை ராஜாதான் ஆரம்பித்தார். "நேத்து சாயங்காலம் பிராக்டிஸ் பாக்கப் போனேனுங்க. பதினோரு பேரும் வேப்பமரத்தடியில தூங்கறாங்க. கோச்சு உக்காந்து ஈ ஓட்டறாரு. எனக்கே கொட்டாவி வந்துருச்சு."

"கோல் வாங்கறதுக்குத் தெம்பு வேணும்ல" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். பச்சியப்பன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"தூங்கறது, தோக்கறது எல்லாம் கெடக்கட்டும். கோல்கீப்பர் பையன் அறிவழகன் சாவுக்கு யாரு காரணம்? ஆறு மணிக்குக் கெளம்ப வேண்டிய வண்டிய எட்டு மணிக்கு எடுத்தது யாரு? அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தாவே எனக்கு அதுதான் ஞாபகம் வருது. ஏன் அர்ச்சுனா, நீ அன்னிக்கு இருந்தவன்தான, சொல்லு."

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னத்தங்க சொல்றது மொதலாளி" என்றான்.

சொல்ல வேண்டியது அவனிடம் நிறைய இருந்தது.

போன வருடம் சேலத்தில் ஆட்டம். ஆறு மணிக்கெல்லாம் பையன்களை விட்டுவிட வேண்டும், வழியில் சாப்பிட்டு இளைப்பாறிப் போக வேண்டும் என்று மாதவராஜ் முந்தைய நாளே சொல்லிவிட்டு, வேனோடு மைதானத்தில் காத்திருந்தார். அன்றைக்கென்று தக்காளி நல்ல விலை. சென்னை லாரி ஒன்று நின்றது, வேறு ஆளில்லை. எப்படியாவது ஏற்றி அனுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அர்ச்சுனன் பையன்களிடம், "கோச்சுகிட்டப் பேசிட்டேன். எட்டு மணிக்குக் கெளம்பினாப் போதும்னுட்டாரு" என்றான். பேசவே இல்லை. மாதவராஜ் அடித்த போனையும் எடுக்கவில்லை. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீம் பேரைப் பதிவு செய்ய வேனை விட்டுவிட்டுப் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். ஏழே முக்காலுக்குப் பையன்கள் ஓடி வந்து வேனில் ஏறினார்கள். மேட்ச் போய்விடுமே என்ற பயத்தில் அர்ச்சுனன் டிரைவருக்குப் போன் செய்து, "அண்ணா, தொப்பூர்ல டீக்கு நிறுத்தாதீங்க. கோச்சுதான் சொல்லச் சொன்னாரு" என்றான். இதுவும் பொய்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் எல்லா வண்டியும் கொஞ்சம் நிற்கும். டீ குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள், பிரேக்கைப் பார்த்துக்கொள்வார்கள். வேன் நிற்காமல் இறங்கியது. பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி, கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த அறிவழகனின் பக்கம் மோதியது.

ஆஸ்பத்திரியில் அறிவழகனின் அம்மா சகாயமேரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஆறு மணிக்குப் போறோம்னு சொன்னானே. எதுக்கு லேட்டாச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தலையில் கட்டுப் போட்ட ஒரு பையன், "கோச்சுதாங்க எட்டு மணின்னு சொன்னாரு" என்றான். மாதவராஜ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எதிரே நின்ற அர்ச்சுனனைப் பார்த்தார். அவன் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு அவர் அந்தத் தாயின் பக்கம் திரும்பி, "ஆமாங்கம்மா. நான்தான் லேட்டு பண்ணிட்டேன்" என்றார்.

பிறகு ஒரு நாள் அர்ச்சுனன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "உனக்குப் பொண்ணு இருக்குது. மண்டியில பேரு கெட்டா பொழப்பு போயிரும். எனக்கென்ன, ஒண்டிக்கட்ட. விடு தம்பி." அதற்குமேல் அவர் அதைப் பேசவில்லை. அன்றிலிருந்து, வேலை முடித்து வருகிற பையன்களை ஒரு மணி நேரம் தூங்க வைத்த பிறகுதான் பந்தைத் தொட விடுவார். தோற்றது அதனால்தான் என்று ராஜா குத்திக்காட்டியது முழுப் பொய்யும் இல்லை.

உதயம் கழகத்தில் பெரிய முடிவுகளை மண்டி வழக்கப்படிதான் எடுப்பார்கள். விலை பேசுவதுபோலத் தலைவர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வார். ஒவ்வொருவராகத் துண்டுக்கடியில் கையை விட்டு அவர் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் பிடித்தால் கோச் இருக்கட்டும். இரண்டு விரல் பிடித்தால் போகட்டும். யார் என்ன பிடித்தார் என்று தலைவரைத் தவிர யாருக்கும் தெரியாது; அவர் தன் ஓட்டையும் சேர்த்து எண்ணிக்கையை மட்டும் சொல்வார். மனஸ்தாபம் வராமல் இருக்க முன்னோடிகள் செய்த ஏற்பாடு.

அர்ச்சுனன் முறை வந்தது. ஒரு விரல் பிடிப்பதென்று நினைத்துக்கொண்டுதான் கையை விட்டான். துண்டுக்கடியில் பச்சியப்பனின் கை வெதுவெதுப்பாக, சொரசொரப்பாக இருந்தது. மாதவராஜ் போய்விட்டால், தினமும் அந்த அமைதியான முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு விரலைப் பிடித்தான். மனிதர் பார்க்காத இடத்தில் கடவுள் பார்ப்பார் என்று அவன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். துண்டுக்கடியில் அது நினைவுக்கு வரவில்லை.

"நாலு பேரு போகட்டும்னுட்டீங்க. ஒருத்தரு இருக்கட்டும்னீங்க" என்று பச்சியப்பன் துண்டை உதறினார். "அர்ச்சுனா, நீயே போய்ச் சொல்லிரு. திங்கக்கெழமைக்குள்ள ரூம காலி பண்ணட்டும்."

வெளியே வந்ததும் ராஜா அர்ச்சுனனின் தோளைத் தொட்டு, "நான் ஒத்த வெரல்தான் புடிச்சேன். பாவம் அந்த மனுசன்" என்றார். சைக்கிளை எடுக்கும்போது இன்னொருவரும் அதையே சொன்னார். பச்சியப்பன்கூட, காரில் ஏறுமுன், "எம் மனசு ஒத்த வெரல்லதான் இருந்துச்சு. மெஜாரிட்டிய என்ன பண்றது" என்றார்.

கார் போன பிறகு, "நானும் ஒத்த வெரல்தாங்க" என்றான் அர்ச்சுனன் ராஜாவிடம்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனான். பையன்கள் வேப்பமரத்தடியில் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாதவராஜ் விசிலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு. இன்னும் பத்து நிமிசம் தூங்கட்டும்."

அவன் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். தூங்குகிறவர்களில் ஒருவன் முகத்தில் வெயில் விழுந்தது. அவர் நகர்ந்து உட்கார்ந்து அதை மறைத்தார்.

"ஒசூர்ல ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேல இருக்குதுன்னாங்க. போயிக்கறேன். நீ ஒன்னும் சங்கடப்படாத." சிறிது நேரம் விசிலின் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு கொறைதான். ஞாயித்துக்கெழமையானா பாப்பாரப்பட்டிக்குப் போவேன், அறிவழகன் அம்மா வூட்டுக்கு. தெறக்க மாட்டாங்க. வாசக் கேட்டுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துருவேன். ஒரு வருசமாச்சு. நாளன்னிக்கோட அதுவும் முடிஞ்சிரும்."

"எதுக்கு சார் போறீங்க? நீங்க…"

"அவங்களுக்கு கோவப்பட ஒரு ஆளு வேணுமில்ல தம்பி."

அவர் எழுந்து விசிலை ஊதினார். மெல்லத்தான் ஊதினார். பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த அர்ச்சுனனைப் பார்த்து, "கோச்சு மாமாவ அனுப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள் காவியா. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஆமா" என்றான். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பாப்பாரப்பட்டி பஸ் ஏறினான். சகாயமேரி வீட்டு வாசலில் துணி காய்ந்தது. உள்ளே சுவரில் மாதா படமும் அதற்குக் கீழே கையுறை போட்ட அறிவழகனின் படமும் தெரிந்தன. அர்ச்சுனனைக் கழகத்துச் செயலாளராக அவளுக்குத் தெரியும். "உள்ள வா தம்பி" என்றாள்.

"இல்லக்கா. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடறேன். சொன்னப்பறம் நீங்க உள்ள கூப்புட மாட்டீங்க."

சொன்னான். லாரியை, எட்டு மணியை, எடுக்காத போனை, டிரைவரிடம் சொன்னதை. மாதவராஜ் சாருக்கு ஒன்றுமே தெரியாது, ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றான். தன் பக்கத்து நியாயமாக முதலாளியின் பேரையோ தக்காளி விலையையோ எடுக்கவில்லை.

சகாயமேரி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் அவன் தயாராக வந்திருந்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்குக் காலையில அவன் ஏதாச்சும் சாப்புட்டானா?"

இதற்கு மட்டும் அவன் தயாராக இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தத் தாய்க்கு எவ்வளவோ ஆறுதல். ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

"இல்லக்கா. தொப்பூர்ல சாப்புட்டுக்கலாம்னு சொன்னான்."

சகாயமேரி கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அழுகைச் சத்தம் வருமென்று அவன் காத்து நின்றான். வரவில்லை. பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை உதயம் கழகம் புதிய கோச்சோடு ஆடியது. அவர் ஆட்டம் முழுவதும் கோட்டருகில் நின்று கத்தினார். கழகம் நாலு கோல் வாங்கிக் கீழ் டிவிஷனுக்குப் போனது. ராஜா புதிய கோச்சைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை மாதவராஜின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அர்ச்சுனன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். ஒரு பெட்டி, ஒரு பாய், வலையில் கட்டிய பழைய பந்து ஒன்று. பையன்கள் யாரும் வரவில்லை. மண்டியில் வேலை நேரம். ஒசூர் பஸ் நின்றது. மாதவராஜ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"நேத்து பாப்பாரப்பட்டி போயிருந்தேன் தம்பி. எப்பவும் போல கேட்டுகிட்ட நின்னேன். அந்தம்மா வந்து கேட்டத் தெறந்தாங்க."

அர்ச்சுனன் பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"உள்ள கூப்புட்டு நாற்காலி போட்டாங்க. தட்டுல இட்லி வெச்சாங்க. நான் சாப்புட்டு முடிக்கற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்தாங்க. ஒன்னும் பேசல. கெளம்பறப்ப, எந்த ஊருல இருந்தாலும் வேளைக்கு சாப்புடுங்கன்னாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வருசமாத் தெறக்காத கதவு. என்னாச்சுன்னே புரியல. நீ ஏதாச்சும் போய்ச் சொன்னியா?"

"இல்லைங்களே சார்" என்றான் அர்ச்சுனன். "நான் எதுக்குப் போறேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். அர்ச்சுனன் பந்தை ஜன்னல் வழியாக மாதவராஜின் மடியில் வைத்தான். பஸ் திரும்பி மறைகிறவரை நின்றுவிட்டு, மண்டியை நோக்கி நடந்தான்.