மேலிடத்தைக் கேட்காத கால்

மொக்கைச்சாமிக்கு வேலை கிடைத்துவிட்டது, சேர்வதுதான் பாக்கி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் டாக்டர் சர்டிபிகேட்டோடு திண்டுக்கல்லில் போய் நிற்காவிட்டால் உத்தரவு ரத்து. அந்த உத்தரவு குஜிலியம்பாறைக்கு வந்து சேர்ந்ததே நேற்றுத்தான். ஐம்பத்தெட்டாம் வருஷத்திலும் சர்க்கார் கடிதங்கள் நடந்தேதான் வந்தன போலிருக்கிறது.

விடியுமுன் எழுந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டுக்கல் வந்து, ஆஸ்பத்திரி வரிசையிலும் நின்று, அவன் முறை வந்தபோது மணி மூன்றரை. டாக்டர் கிறிஸ்துராஜ் படிப்பு முடித்து ஆறு மாதமே ஆனவர். காலையிலிருந்து அவர் பார்த்த நூற்றிருபது பேரும் இன்னும் அவர் முகத்தை விட்டுப் போகவில்லை. கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எடை போட்டார். எடை கம்மி. மூன்று வருஷமாக மழை பொய்த்த காட்டுக்காரன் எடை அம்புட்டுத்தான் இருக்கும் என்று அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கடைசியில் அவனை உயரமான மேஜைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்தார். எதிரே ஸ்டூலில் தான் உட்கார்ந்து, ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார்.

மொக்கைச்சாமிக்குப் பகீரென்றது. உள்ளே என்னமோ துள்ள, கால் நேரே டாக்டரின் வெள்ளைக் கால்சட்டையை நோக்கிப் புறப்பட்டது. படித்தவர், கையெழுத்துப் போடப் போகிறவர். அவரை எட்டி உதைக்கவா பஸ் ஏறி வந்தது? பல்லைக் கடித்துத் தொடையை இறுக்கினான். கால் மரக்கட்டையாய் நின்றது.

டாக்டர் மறுபடி தட்டினார். வலதில் தட்டினார், இடதில் தட்டினார். ஒன்றும் அசையவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் தூக்கம் கலைந்தது. சர்க்கரை வியாதி உண்டா, முள் குத்தினால் வலிக்குமா, நடக்கையில் தடுமாறுமா என்றெல்லாம் விசாரித்தார்.

"நரம்புல ஏதோ கோளாறு. மதுரைக்கு எழுதித் தாரேன், பெரிய டாக்டர் பாக்கட்டும். இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாது."

மொக்கைச்சாமி அழவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். "கால் நல்லாத்தான்யா இருக்கு. நாந்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"உங்க மேல பட்டுருமில்ல."

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் செத்த நேரம் கண்ணைத் தேய்த்தார். பிறகு கொட்டாவிகளுக்கு நடுவே விளக்கினார். தட்டிய சேதி ஒரு நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குப் போகும். அங்கேயே முடிவாகி, இன்னொரு நரம்பு வழியாக உத்தரவு திரும்பும், கால் உதைக்கும். மூளைக்குத் தகவல் பிற்பாடுதான், பார்வைக்காக. ஆனால் மூளை மெனக்கெட்டால் மேலிருந்து தடுக்கவும் செய்யும். இப்போது நடப்பது அதுதான். முதுகுத்தண்டு கீழ் ஆபீஸ், மூளை மேலிடம் என்று மொக்கைச்சாமி புரிந்துகொண்டான். மேலிடத்தைக் கேட்காமல் கீழ் ஆபீஸில் காரியம் நடக்கும் என்பதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

கோவித்துக்கொள்ள மாட்டேன், காலை விடு என்றார் டாக்டர். உத்தரவு கிடைத்ததும் சுத்தியல் விழுமுன்னே மரியாதையாக ஓர் உதை உதைத்துக் காட்டினான்.

"நீயா உதைக்கக் கூடாதுப்பா. அதுவா உதைக்கணும்."

ஸ்டூலை ஒதுக்கிப்போட்டார். இப்போது கால் அலமாரியைப் பார்த்தது, அதில் ரிஜிஸ்டர்கள். காகிதம் சரஸ்வதி. மேஜையைத் திருப்பினார். அந்தப் பக்கம் பழனியாண்டவர் காலண்டர். உதைக்கத் தோதான திசை ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. மணி நாலே கால்.

டாக்டர் பழையபடி எதிரே வந்து உட்கார்ந்தார். இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்.

பங்குனி, மாசி, தை வரை மேலிடம் விழிப்பாகவே இருந்தது. மார்கழி, கார்த்திகை. ஐப்பசியில் மொக்கைச்சாமி நின்றுவிட்டான். போன ஐப்பசியில் மேகம் கூடியதும் அப்பா மூன்று நாள் வானத்தைப் பார்த்துவிட்டு, இருந்த விதையெல்லாம் விதைத்தார். மேகம் மெனக்கெட்டுத் தாடிக்கொம்பு வரை போய்ப் பெய்துவிட்டுக் கலைந்தது. விதையை எறும்பு தின்றது. அப்பா இன்னும் அந்த வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். மூளையும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மேலிடத்தில் ஆள் இல்லை.

சுத்தியல் விழுந்தது அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் டாக்டர் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். சேதி அப்போதுதான் மூளைக்கு வந்தது, பார்வைக்காக. குதித்து இறங்கி அவர் காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தன் இன்னொரு காலையும் தட்டிப் பார்க்கணுமா என்று மெல்லக் கேட்டான். டாக்டர் ஒன்றே போதும் என்று சொல்லி, நரம்பு மண்டலம் சீராக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தாலுகா ஆபீஸ். தலைமைக் குமாஸ்தா கண்ணுசாமி சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். மொக்கைச்சாமி உட்கார்ந்தான். வேலை கிடைத்த சந்தோஷம் அவனை வந்தடையவில்லை. அதுவும் எங்கோ வழியில் இருந்தது.

மேலே விசிறி சுற்றியது. பக்கத்து மேஜைக் காகிதக் கட்டிலிருந்து ஒரு மனு பறந்தது. சட்டென்று கையை நீட்டிப் பிடித்தான்.

"ஏலே தம்பி," என்றார் கண்ணுசாமி, தலையைத் தூக்காமலே. "இங்க மேல கேக்காம எதையும் தொடக்கூடாது."

விட்டுவிட்டான். மனு அசைந்து அசைந்து இறங்கி அவன் பாதத்தருகே வந்தது. காகிதமாயிற்றே. யாரையும் கேட்காமல் கால் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது.