லிஃப்ட் பிரேக் போட்ட ரீல்

ஒரே மீனை இரண்டு தடவை பிடித்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். முதல் தடவை மச்சானுடைய தூண்டில் ரீலில், இரண்டாம் தடவை சொந்த ரீலில். நடுவில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் அந்த மீன், மச்சானுடைய தூண்டில் கம்பை, கட்டு அவிழ்த்துக்கொண்டு ஓடிய நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு அலைவதுபோல, கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறது.

லிஃப்ட்காரர் இப்படித்தான் ஆரம்பிப்பார். கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இருவரைத் தான் வெளியே இழுப்பதற்குள், அவர்கள் கல்யாணம் பேசி, சண்டை போட்டு, பிரிந்தும் விட்டார்கள் என்று சொன்னவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து உண்மை வந்தால் அதற்கே கூச்சமாக இருக்காதா?

உண்மை என்னவென்றால், வாழ்நாளில் அவர் ஒரு சொட்டுகூடத் தண்ணீர் கலக்காமல் சொன்ன ஒரே சங்கதி இதுதான். இதைத்தான் மச்சான் நம்பவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஓய்வுபெற்ற சர்வேயர். டேப்பை நீட்டி அளந்து பார்க்காத எதையும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லாத மனிதர். இன்றைக்கு வெயில் அதிகம் என்றால், "நேத்தைவிட எத்தனை டிகிரி?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருடமாக இருவரும் சனிக்கிழமை விடிந்ததும் கடற்கரைக்குப் போய், இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தோளோடு தோள் போட்டு, அலைக்கு அப்பால் தூண்டில் வீசிக் காத்திருப்பார்கள். ஒருவர் புளுகுவார், மற்றவர் திருத்துவார். இதைவிடச் சிறந்த கூட்டணி எந்த நாட்டு அரசாங்கத்திலும் இருந்ததில்லை.

அந்தக் கூட்டணி உடைந்ததற்குக் காரணம் கால் இஞ்ச் கனமுள்ள ஒரு சமாச்சாரம்.

சர்வேயரின் ரீல் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. "குடுங்க மச்சான், எத்தனை பெரிய டிரம்மெல்லாம் பிரிச்சு மேஞ்சவன், இந்தக் கையளவு சாமான் எனக்கு ஒரு வேலையா?" என்று லிஃப்ட்காரர் வாங்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தார். மணலைத் தட்டினார், பற்சக்கரங்களைத் துடைத்தார், எண்ணெய் விட்டார். எல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு டிராக்கைத் திறந்தார்.

தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, சுற்றியிருக்கும் ஸ்பூலின் தலைக்குள் இருக்கும் பிரேக்குக்குத்தான் டிராக் என்று பெயர். தேய்ந்துபோன கம்பளி வில்லைகள் உள்ளே இருந்தன. நரம்பைப் பிடித்து இழுத்தார். பிரேக் வழுக்கிக்கொண்டு நரம்பை விட்டுக்கொடுத்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வழுக்குகிற பிரேக்கா? முப்பத்து நான்கு வருடமாக அவர் தூக்கத்தில்கூட அனுமதிக்காத விஷயம் அது. அலமாரியில் பழைய லிஃப்ட் பிரேக் லைனிங் ஒரு துண்டு கிடந்தது. அதிலிருந்து வட்டமாக மூன்று வில்லை வெட்டி உள்ளே வைத்து முடுக்கினார். நரம்பின் நுனியைச் சலவை இயந்திரத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார். சலவை இயந்திரம் நகர்ந்தது. நரம்பு ஒரு நூல்கூட நகரவில்லை.

"இப்பதான் இது பிரேக்கு," என்றார்.

"துணி உள்ள இருக்கு," என்றாள் மனைவி.

அந்தச் சனிக்கிழமை சர்வேயர் கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார். லிஃப்ட்காரர் மச்சானின் கம்பில் மச்சானின் ரீலை மாட்டி, வீசி, மணலில் நட்ட குழாய்க்குள் கம்பைச் செருகினார். குனிந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். நிமிர்ந்தபோது கம்பு வில்லாக வளைந்திருந்தது. ஒழுங்கான ரீலாக இருந்தால் டிராக் வழுக்கி, 'ழ்ர்ர்ர்' என்று நரம்பை விட்டுக்கொடுத்து, ஆளைக் கூப்பிட்டிருக்கும். இந்த ரீல் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே கம்பே குழாயிலிருந்து கிளம்பி, மணலில் நாலு எட்டு நடந்து, அலைக்குள் இறங்கிப் போய்விட்டது. ஒரு கையில் டீயோடு அவர் இடுப்பளவு தண்ணீர் வரை துரத்தினார். அந்த நிலையிலும் டீ சிந்தவில்லை என்பதை அவர் இன்றுவரை சேர்த்தே சொல்வார்.

சர்வேயர் வந்தபோது காலிக் குழாயும், பாதி நனைந்த மைத்துனரும் இருந்தார்கள்.

"கம்பு எங்க மாப்ளே?"

"மீன் எடுத்துட்டுப் போயிடுச்சு மச்சான்."

சர்வேயர் குழாயைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "பஸ்ல விட்டுட்டியா?"

"மீனுங்கறேன்."

"டிராக் இருக்கில்ல? நரம்புதானே போகும்? கம்பு எப்படிப் போகும்?"

இந்தக் கேள்விக்கு லிஃப்ட்காரரிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் மூன்று வட்ட வில்லைகளாகக் கடலுக்குள் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் ஒரு பிரேக்கில்கூடத் தப்புப் பண்ணாதவர் என்ற பெயரை அவர் ஊரெல்லாம் விற்று வைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பஸ்ல விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, மாப்ளே. மனுஷன்னா மறக்கறதுதான். ஆனா என்கிட்ட கதை விடாத."

"விடலையே. மீன்தான்."

அடுத்த சனிக்கிழமை சர்வேயர் வேறொரு கம்போடு வந்தார். லிஃப்ட்காரரின் நாற்காலிக்குப் பக்கத்தில் டேப்பின் நுனியைச் செருகி, கடற்கரையோரமாக நடந்து, சரியாக நூறு மீட்டர் தள்ளித் தன் நாற்காலியைப் போட்டார். அதோடு, இருபத்திரண்டு வருடமாக 'நீ' என்றவர் 'நீங்க' என்று ஆரம்பித்துவிட்டார். "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து மரியாதையாகக் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

லிஃப்ட்காரர் ஒரு மாதம் புளுகவே இல்லை. திருத்த ஆளில்லாமல் புளுகி என்ன சுகம்? மனைவி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று யோசித்தாள்.

பிறகு ஒருநாள் எழுந்து சட்டை மாட்டினார். "அந்த மீனைப் பிடிச்சுக் காட்டறேன். நல்ல ரீலா ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"நீங்க விடற ரீலுக்கு, கடையில போய் வேற வாங்கணுமா?" என்றாள் மனைவி.

ரீல் கடையை நடத்தியவர் ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். லிஃப்ட்காரர் கடைக்குள் நுழைந்ததும் நேராகப் பெட்டிகளில் அச்சடித்திருந்த பேரிங் எண்ணிக்கையைப் படிக்க ஆரம்பித்தார்.

"பேரிங்கை எண்ணி வாங்காதீங்க சார்," என்றார் அம்மாள். "பல்லை எண்ணிப் பொண்ணு பாக்கற மாதிரி. கரையிலேர்ந்து வீசறீங்களா, படகுலேர்ந்தா?"

"கரைதான். நான் வீசினா அடுத்த நாட்டுக்காரன் வரி கேப்பான்."

அம்மாள் முகத்தில் மாற்றமில்லை. "அப்ப ஸ்பூல் பெருசா, நீளமா வேணும். விளிம்பைத் தடவிப் பாருங்க, நகம் மாட்டக் கூடாது. நகம் மாட்டினா நரம்பும் மாட்டும். நரம்பை விளிம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் கீழ வரைக்கும் சுத்தணும். குறைச்சா தூரம் போகாது, நிறைச்சா கொசகொசன்னு சிக்கும்." ஒரு பெரிய ரீலை அவர் கையில் வைத்தார். "கையை நீட்டிப் பிடிச்சிட்டு நில்லுங்க. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அம்மாள் டீ குடித்து முடிப்பதற்குள் லிஃப்ட்காரரின் தோள் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது.

"அப்ப அது வேணாம். இதைவிட ஒரு சைஸ் குறைச்சு. உப்புத் தண்ணி உள்ள போகாம மூட்டுக்கெல்லாம் ரப்பர் போட்டது." வேறொன்றை எடுத்து நரம்பின் நுனியை ஒரு கொக்கித் தராசில் மாட்டினார். "டிராக்கை இப்படி வைக்கணும். நரம்பு தாங்கற எடையில கால் பங்கு இழுத்ததுமே விட்டுக்கொடுக்கணும்."

"பிரேக்குன்னா பிடிக்கணும்மா."

"இதைப் பிரேக்குன்னு யார் சொன்னா? இது விட்டுக்கொடுக்கறதுக்குன்னே வெச்ச சாமான் சார். விட்டுக்கொடுக்காட்டி ஒண்ணு நரம்பு போகும், இல்ல கம்பு போகும்."

லிஃப்ட்காரர் கடையின் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பு போகும்னா... நடந்து போகுமா?"

"போனா ஆச்சரியமில்ல."

அந்த ரீலையே வாங்கினார். அன்றிலிருந்து அதற்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்லி முடியாது. கடலிலிருந்து வந்ததும் முதலில் டிராக்கை இறுக்குவார், உள்ளே தண்ணீர் போகாமலிருக்க. குழாயை வேகமாகத் திறந்தால் உப்பும் மணலும் உள்ளே ஏறும் என்பதால், பூவாளியில் மெல்லத் தூவுவார். பழைய பனியனால் ஒற்றி எடுப்பார். நரம்பு உருளும் சின்னச் சக்கரத்துக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கடைசியில் வில்லைகள் நசுங்காமலிருக்க டிராக்கைத் தளர்த்தி, காற்றாட வைப்பார்.

"என்னை ஒருநாள் இப்படித் துடைச்சு விட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்கு உப்பு பிடிக்காதே," என்றார் அவர்.

இப்படியே சனிக்கிழமைகள் போயின. நூறு மீட்டருக்கு அப்பால் மச்சான், இங்கே இவர்.

ஒன்பதாவது மாதத்தில், ஒரு காலை பதினொரு மணி வாக்கில், 'ழ்ர்ர்ர்' என்றது புது ரீல்.

அந்தச் சத்தம் நூறு மீட்டரையும் தாண்டிக் கேட்டது. லிஃப்ட்காரர் கம்பைப் பிடித்தார். மீன் ஓடியது, டிராக் விட்டுக்கொடுத்தது. மீன் நின்றது, இவர் சுற்றினார். திரும்ப ஓடியது, திரும்ப விட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிரேக் வழுக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம். அவர் கணக்கில் நாலு மணி நேரம். நிழல் ஒன்று பக்கத்தில் விழுந்தது. சர்வேயர்.

"கம்பை நிமித்திப் பிடிங்க மாப்பிள்ளை," என்றார்.

கரைக்கு வந்தது ஒரு கொடுவா. சர்வேயர் டேப்பை எடுத்து அளந்தார். தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். அளந்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார்.

மீனின் உதட்டில் இரண்டு தூண்டில் முட்கள் இருந்தன. ஒன்று புதுசு. மற்றொன்று துருப்பிடித்தது. துருப்பிடித்ததன் முடிச்சில் சிவப்பாக ஒரு பொட்டு. சர்வேயர் முள் கட்டினால் ஏழு சுற்றுச் சுற்றி, அவிழாமலிருக்கத் தங்கையிடம் கேட்டு வாங்கிய நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பார். உலகத்தில் வேறு யாரும் செய்யாத காரியம் அது.

அந்த முள்ளிலிருந்து ஒரு நரம்பு தண்ணீருக்குள் போயிருந்தது. சர்வேயர் அதை இழுக்க ஆரம்பித்தார். முழம் முழமாக இழுத்தார். முப்பது மீட்டர் வந்திருக்கும். கடைசியில் அலைக்குள்ளிருந்து, சிப்பி ஒட்டி, பாசி தொங்க, ஒரு கம்பு ஊர்ந்து வந்தது. அதன் மேல் உப்புக் கட்டியாக ஒரு ரீல்.

"உங்களோடது," என்றார் லிஃப்ட்காரர்.

"பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கு. தொறந்தாத்தான் சொல்ல முடியும். ஸ்பூலுக்கு அடியில மூணு கோடு கீறி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது." சர்வேயர் பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தார்.

லிஃப்ட்காரர் ரீலின் மேல் கையை வைத்தார். திறந்தால் மூன்று கோடும் தெரியும், மூன்று வில்லையும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் அவர் நூறு மீட்டர் தள்ளிக் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"தொறங்க மச்சான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. உள்ள லிஃப்ட் பிரேக் லைனிங் இருக்கும். நான்தான் வெட்டி வெச்சேன். அது வழுக்கலை. அதான் கம்பு போச்சு. தப்பு என்மேல."

சர்வேயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குறட்டால் டிராக் மூடியை நாலு தட்டுத் தட்டித் திருகினார். மூன்று வில்லை. அடியில் மூன்று கோடு. கோடுகளை விரலால் தடவினார், ஒருமுறை, இன்னொரு முறை. மூடியைத் திரும்ப முடுக்கி, நரம்பைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார்.

"இன்னும் வழுக்கலை," என்றார்.

"வழுக்காது," என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

மீனின் உதட்டிலிருந்து இரண்டு முள்ளையும் கழற்றினார்கள். ஒன்பது மாதம் பாரம் இழுத்த பிராணி. "போகட்டும்," என்றார் லிஃப்ட்காரர். "மூணாவது தடவை வேற யாராவது பிடிக்கட்டும்." தண்ணீரில் விட்டதும் அது பின்னால் ஏதோ குறைகிறது என்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

சர்வேயர் நடந்துபோய்த் தன் நாற்காலியை மடக்கி எடுத்து வந்தார். டேப் எடுக்கவில்லை. தோளோடு தோள் போட்டு உட்கார்ந்தார். "டீ இருக்கா மாப்ளே? ஊத்து. கம்பை நான் பிடிச்சுக்கறேன்."

டீ ஊற்றும்போது போன் அடித்தது. சாப்பாட்டு நேரமாகியும் ஆளைக் காணோமே என்று மனைவி. லிஃப்ட்காரர் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், மீன் திரும்பிப் பார்த்தது உள்பட.

"போனை அண்ணன்கிட்ட குடுங்க," என்றாள் அவள். "அண்ணே, இவர் என்னமோ சொல்றாரே."

சர்வேயர் மடியிலிருந்த ரீலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"திரும்பிப் பாத்ததை நான் கவனிக்கலை," என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சும்மா."