மாஸ்டர் இல்லாத மாஸ்டரிங்

தையல் மாஸ்டர் வீட்டில் ஊசி விழுந்தாலும் அலமாரி விழுந்தாலும் ஒரே சத்தம்தான் கேட்கும். மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் இது தொடங்கியது. காரணம் அவருடைய மச்சினன் பாடிய பாட்டு. மூலை வீட்டுக் குழாய் ஒழுகியதைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூடத் தெருவில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

மச்சினனுக்குத் தெரு வைத்த பெயர் முணுமுணு. வாய்க்குள்தான் பாடுவான். பாடுகிறானா, பல்வலியில் அனத்துகிறானா என்று பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும். குனிந்தவர்கள் சீக்கிரத்தில் நிமிர்ந்ததில்லை என்பது வேறு விஷயம். அக்காள் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பெட்டியை இறக்கி வைத்தானே தவிர, தான் இறங்கிப் போகவில்லை. மாடி அறை அவனுடையதாகிவிட்டது. மாஸ்டருக்கு இது தொண்டையில் சிக்கிய நூல். மனைவியிடம் சொல்லத் தைரியம் கிடையாது. தையல் மிஷினை வேகமாக மிதித்து, அந்தக் கடகடப்புக்கு அடியில், "தண்டச்சோறு, எப்பதான் தொலைவானோ" என்று தினமும் அர்ச்சனை நடத்துவார். வருஷக்கணக்காக யார் காதிலும் விழவில்லை. நியாயமாகப் பார்த்தால் முணுமுணு என்ற பட்டம் அவருக்குத்தான் சேர வேண்டும்.

கடைசியில் மச்சினன் ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டான். ரேடியோக்காரர்கள் கேட்டுவிட்டு, மாஸ்டரிங் முடித்துக் கொண்டு வந்தால் போடுகிறோம் என்றார்கள். பாட்டு பிடித்துக்கொண்டால் தனியாக வீடு பார்த்துப் போய்விடுவேன் என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். மாஸ்டருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். மாஸ்டரிங் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதிவான பாட்டின் சத்தத்தைக் கடைசியாகச் சீராக்குவது; சட்டை தைத்து முடித்த பிறகு போடுகிற கடைசி இஸ்திரி மாதிரி.

"ரெண்டு வழி இருக்கு மாமா. சைக்கிள் கடை மாடியில ஒருத்தர் ஸ்டுடியோ வச்சிருக்கார். கூட உக்காந்து பண்ணணும், நாளாகும். இல்லேன்னா ஆன்லைன்ல ஏத்திவிட்டா உடனே வந்துரும்."

"ஆன்லைன்ல மாஸ்டர் யாரு?"

"மாஸ்டரே கிடையாது. அதுவா பண்ணிக்கும்."

"என்னது, மாஸ்டர் இல்லாத மாஸ்டரிங்கா?"

"என் தம்பி பாட்டு என்ன ரெடிமேட் சட்டையா?" என்றாள் மனைவி. "ஆளைப் பாத்து அளவெடுத்துப் பண்ணட்டும்."

ரெடிமேட் என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து போய்த் துப்பிவிட்டு வருகிறவர் மாஸ்டர். ரெடிமேட் போட்டவனைப் பிணத்துக்குச் சமமாகப் பேசியவர். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "காலம் மாறிப்போச்சும்மா. நாமளும் மாறணும்" என்றார். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் மாடி காலி. அவருடைய இசை ஞானம் அந்த மட்டில்தான்.

இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் பாட்டு போய்விட்டுத் திரும்பி வந்தது. போட்டுக் கேட்டார்கள். நடுவில், காதோரம் மூச்சு படுகிற மாதிரி ஒரு வரி உண்டு. அது இப்போது பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரி வந்தது. உச்சத்தில் ஏறுகிற வரியும் அதே உயரம். இரண்டு வரிக்கும் நடுவே அவன் மூச்சு வாங்கியதும் அதே உயரம். மச்சினன் முகம் செத்துவிட்டது. "நல்லா கணீர்னு இருக்கு" என்றார் மாஸ்டர். பாட்டு முடிந்தது, ஆனால் அந்த உயரம் முடியவில்லை. வீட்டில் இருந்த எல்லாச் சத்தமும் வேலிச்செடியைக் கத்தரித்த மாதிரி ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது. பூனை நடப்பதும் கதவு அறைவதும் ஒன்று. குண்டூசி உருண்டால் தெருவே திரும்பிப் பார்த்தது.

கண்ணாடிக் கடைக்காரர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். டேப்பைச் சுற்றும்போது மாஸ்டர் வழக்கம்போல வாய்க்குள், "இது இடுப்பா, ஊர் எல்லையா" என்றார். எதிர்வீட்டில் சிரித்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவமானத்தை மறைக்க மாஸ்டர் மிஷினில் உட்கார்ந்து வேகமாக மிதித்தார். கால் பழக்கத்தில் மிதித்தது, வாய் பழக்கத்தில் திறந்தது. "தண்டச்சோறு, எப்பதான் தொலைவானோ." மிஷின் சத்தமும் அதுவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு தெருக்கோடி வரை போயின.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்போது மௌனமும் மற்றச் சத்தங்களின் உயரத்துக்கு ஏறியிருந்தது. அவள் பேசாமல் இருந்தது சல்லடையில் மணல் கொட்டுகிற இரைச்சலாக இராப்பகலாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "கொஞ்சம் பேசச் சொல்லுங்க சார், தூங்க முடியல" என்றார்.

மாஸ்டர் தாங்க முடியாமல் பழைய பதிவைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு, சைக்கிள் கடை மாடி ஏறினார். ஸ்டுடியோக்காரர் மழை பெய்தால் வெளியே வராதவர், காது நனைந்துவிடுமாம். அறைச் சுவர் முழுக்க மெத்தை. "பாடினவர் முகத்தைப் பாக்காம நான் கை வைக்கறதில்ல" என்று மச்சினன் முகத்தை, பல் வைத்தியர் மாதிரி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு குமிழை மயிரிழை திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியுதா? இப்ப காத்தோட்டம் வந்துருச்சு."

"ஆமா, தெரியுது" என்றாள் மனைவி. மச்சினனுக்கும் தெரிந்தது.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியல. அதுல விளக்கே எரியலையே, சுவிட்ச் போட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

சுவிட்ச் போடவில்லைதான். ஸ்டுடியோக்காரர் இருமிக்கொண்டே போட்டார். அந்த இருமலுக்குப் பிறகுதான் ஒழுங்கான வேலை நடந்தது. வாரக்கணக்கில் நடந்தது. முடிந்தபோது மெதுவான வரி மெதுவாகப் படுத்துக்கொண்டது, உயர்ந்த வரி எழுந்து நின்றது. அதை வீட்டில் போட்டார்கள். ஊசி ஊசியாக விழுந்தது, அலமாரி அலமாரியாக விழுந்தது. மாஸ்டர் நிம்மதியாக மிஷினில் உட்கார்ந்து, வாய்க்குள், "மெத்தை வித்துப் பிழைக்கறான் களவாணி" என்று தொடங்கினார்.

மனைவி மிஷினையும் பார்த்தாள், அசைகிற உதட்டையும் பார்த்தாள். போய் ஆன்லைன் பாட்டை மறுபடி போட்டாள். "...களவாணி" என்பது பாதியில் தெருவுக்குப் போனது.

"என்னம்மா இது, இவ்வளவு அலைஞ்சது எதுக்கு?"

"ரேடியோவுக்கு அது. வீட்டுக்கு இதுதாங்க."

அதோடு விவாதம் முடிந்தது. ஸ்டுடியோ பாட்டு ரேடியோவில் வந்தது, ஜனங்கள் ரேடியோ பக்கம் குனிந்தார்கள். மச்சினன் அக்காளின் பழைய பெட்டியோடு தெருக்கோடியில் வீடு பார்த்துப் போனான். மாஸ்டர் பகல் முழுக்க உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைக்கப் பழகினார். சில வருஷங்கள் இப்படி ஓடின. வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள், கண்ணாடிக் கடைக்காரர் உட்பட. மாடியில் துணிமூட்டை போட்டு வைத்தார்கள்.

ஒருநாள் மாஸ்டர் ஒரு பொத்தான் காஜாவை முடித்து, உதட்டிலிருந்த கடைசிக் குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்தினார். வாய் காலியாக இருந்தது. மேலே பார்த்தார். "சனியன், வீடே வெறிச்சுனு கெடக்கு" என்று பழையபடி வாய்க்குள் சொன்னார்.

வெயில் தாழ்வதற்குள் மச்சினன் அக்காளின் பழைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அவ்வளவு சத்தமா கூப்பிட்டா வராம இருக்க முடியுமா மாமா?"

மனைவி மாடியிலிருந்த துணிமூட்டையை இறக்கப் போனாள். மாஸ்டர் அவசரமாகக் குண்டூசி டப்பாவைத் தேடினார். டப்பா கைதவறிக் கொட்டியது, அலமாரிகள் அடுக்கடுக்காக விழுந்த மாதிரி. பழகிப்போன தெருவில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.