ஒன்றரை மில்லிமீட்டர் பாலம்

அந்தப் பேராசிரியைக்குக் கல்லூரியில் அட்சரேகை என்று பெயர். அட்சரேகைகள் எங்கேயும் ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை. அவளும் யாரோடும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. “தீர்க்கரேகைன்னு வைக்காம விட்டானே, அந்த மட்டுக்கும் பாடம் கேட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

இருபத்தாறு வருஷமாகப் புவியியல் பாடம். கல்லூரிக்கு ஏழு கிலோமீட்டர், கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில் போய் வருவாள். வழியில் தென்படுகிறவர்களில் பாதிப் பேரை அவளுக்குப் பிடிக்காது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்து முட்டுச்சந்தில் நின்று முழிப்பவர்களை அறவே பிடிக்காது. “மேப்புக்கு நடுவுல நீலப் புள்ளியா இவங்க உட்கார்ந்துக்குவாங்களாம், உலகம் இவங்களைச் சுத்தி நகரணுமாம். ராஜாக்கள்கூட இவ்வளவு திமிரா மேப் பார்த்ததில்லை” என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்வாள். கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். பதில் சொன்னால் பாடம் தொடரும் என்று எப்போதோ தெரிந்துகொண்டவர். தலையை மட்டும் ஆட்டுவார்.

அவளுடைய இளக்காரத்தில் பெரும்பங்கு தம்பிக்குத்தான். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அது முதலில் அவன் உடம்பில் ஏறிவிடும். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்பதைக் காலையில் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அந்தக் கடிகாரத்துக்கு அக்காக்காரி வைத்த பெயர் ‘மணிக்கட்டு ஜோசியர்’. “ஜோசியர் என்னடா சொல்றார், இன்னிக்கு உனக்கு மூச்சு இருக்கா?” என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே எண்ணைப் படித்துக் காட்டுவான். கோபப்படவே மாட்டான். அதுவும் அவளுக்கு எரிச்சல்.

போன வருஷம் அவன் சைக்கிள் வாங்கினான். ஹேண்டில்பாரில் ஒரு திரை, ஹெல்மெட்டில் விளக்கு. திரைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வழி சொல்லும். அலுவலகத்தில் பதினாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்வலம் போக ஆரம்பித்தான்.

“அக்கா, இந்த ஞாயிறு கால்வாய்க்கு அந்தப் பக்கம் போறோம், நீயும் வா” என்றான்.

“வழி தெரியலையா?”

“வழியெல்லாம் மெஷின் பார்த்துக்கும். நீ சும்மா காத்தாட வா.”

மெஷின் மண்ணைக் கவ்வுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றுதான் அவள் போனாள்.

பதினாலு பேரும் பளபளவென்று உடம்பைப் பிடிக்கிற உடுப்பில் வந்திருந்தார்கள். அவள் பருத்திச் சுடிதாரும் ரப்பர் செருப்புமாக அவர்கள் பின்னால் மிதித்தாள். அரைமணி நேரம் போனதும் பெண்குரல் இடது பக்கச் சந்துக்குள் திரும்பச் சொன்னது. தம்பி சற்றுத் தயங்கினான்.

“அக்கா, இந்தப் பக்கம் கால்வாய்க்குப் பாலம் இருக்கா?”

“இருக்கு. ஒரு நடைபாலம். அதுகூட அவ சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?”

சந்து வளைந்து வளைந்து போய் ஒரு திறந்த இரும்புக் கேட்டுக்குள் முடிந்தது. உள்ளே ஒரு குஷன் கடையின் முற்றம். வெயிலில் காயப் போட்டிருந்த ஃபோம் மெத்தைகள், உரித்துப்போட்ட கார் சீட்டுகள், ரெக்ஸின் சுருள்கள். முற்றத்தின் கடைசியில் ஆளுயரச் சுவர். சுவருக்கு அப்பால் கால்வாய். பதினாறு சைக்கிளும் ஒன்றன்மேல் ஒன்று மோதி நிற்க, முன்னால் போனவன் ஒரு மெத்தைமேலேயே ஏறிவிட்டான்.

தையல் மெஷின் நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், வாயில் குண்டூசிகளோடு எழுந்து வந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு, அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன, சர்க்கஸா? எழுதிப் போட்டிருக்கேனே, படிக்கத் தெரியாதா?”

கேட்டின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பலகை இருந்தது. ‘இங்கே பாலம் இல்லை. உங்கள் போன் பொய் சொல்கிறது.’ பதினைந்து பேரும் திரையைப் பார்த்தே வந்ததில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. திரையே இல்லாத அக்காக்காரி, முன்னால் போகிறவர்களின் உடுப்பை மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டு வந்ததில் கவனிக்கவில்லை.

ஆனாலும் வாய்த்த சந்தர்ப்பத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை. “பாலம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும். மெஷின் சந்தை மாத்திடுச்சு” என்று ஆரம்பித்து, காப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டாள். கண் இருக்கும்போது எதற்குக் குரல்? தெரு இருக்கும்போது எதற்குத் திரை? நாளைக்குப் பல் தேய்க்க எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அந்தப் பெண்குரலிடமே கேட்பீர்களா?

குஷன்கார அம்மாள் முழுசையும் கேட்டுவிட்டு, “முடிஞ்சுதா?” என்றாள். “தள்ளியும் கிடையாது, கிட்டயும் கிடையாது. ரெண்டு பக்கமும் பெரிய ரோட்டுப் பாலம் வரைக்கும் ஒரு பலகைகூடப் போட்டதில்ல. பத்து வருஷமா இதே கூத்து. பார்சல்காரன் வரான், கல்யாண வேன் வருது, ஒருதடவை வீடு காலி பண்ற லாரி வந்து சுவரையே இடிச்சுட்டுப் போச்சு. மேப் கம்பெனிக்காரர் ஒருத்தரை விடாம கூப்பிட்டு வரவழைச்சேன். எங்க தப்பு இல்லம்மா, கவர்மென்ட் மேப்ல இருக்கிறதைத்தான் ஏத்தினோம்னு ஒரு காகிதத்தைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டார்.”

உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தாள். நகர மிதிவண்டி வரைபடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. கால்வாயின் நீலக்கோட்டுக்குக் குறுக்கே, ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில், அழகான இரண்டு கறுப்புக் கோடுகள். கீழ் மூலையில் ‘தயாரித்தவர்’ என்று போட்டு, அக்காக்காரியின் கையெழுத்து.

அவளுக்கு எல்லாம் அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது. நில அளவைத் துறைக்காகச் செய்து கொடுத்த வேலை. பொறியாளர் தொலைபேசியில், “ஆறு மாசத்துல பாலம் வந்துரும் மேடம்” என்றார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எப்படியும் வரப்போகிற பாலம்தானே, திரும்ப எப்போது அச்சடிப்பார்களோ என்று உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கோடு இழுத்துவிட்டாள். நேரில் போய்ப் பார்க்கவில்லை. அதே வருஷம் ஒரு மாணவி பார்க்காத குளத்தை வரைந்துவிட்டாள் என்று வகுப்பில் நிற்கவைத்துக் கிழித்திருக்கிறாள்.

“இதை வரைஞ்ச மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்…” என்றாள் குஷன்கார அம்மாள்.

“மகராசியாகூட இருக்கலாம்” என்று தம்பியின் வாயிலிருந்து வந்துவிட்டது. அக்காவின் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் அவனுடைய மதிப்பெண் பட்டியலில் அப்பாவுக்குப் பதிலாக எத்தனையோ தடவை அவள்தான் போட்டுக்கொடுத்திருக்கிறாள். உடனே தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

“நீங்க இந்தப் படிப்புப் படிச்சவங்க மாதிரி பேசினீங்களே. யாருன்னு தெரியுமா?” என்று குஷன்கார அம்மாள் அவளிடம் கேட்டாள்.

“விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள் அக்காக்காரி. அவ்வளவுதான் வந்தது.

திரும்பும்போது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களிடமும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவளிடம் பதிலுக்கு ஆயிரம் இருந்தது. வாயைக் கட்டிக்கொண்டு, மேட்டில் அவளுக்காகக் காத்திருந்து கூடவே வந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் சொன்னாள். துறைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டால் முடிந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னாள். அவர் அதிசயமாக வாயைத் திறந்தார்.

“எங்க கடையில லேபிள் மாறிப் போச்சுன்னா, அவங்க வீட்டுக்கே போய் பாட்டிலைத் திருப்பி வாங்கிட்டு வருவோம். கடிதமா போடுவோம்?”

“மருந்தும் மேப்பும் ஒண்ணா?”

அவர் மறுபடியும் தலையை மட்டும் ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் துறைக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொல்லிவிட்டு, அந்த வரைபடத்தைத் தாங்கள் கைவிட்டே வெகுகாலமாகிறது என்றார். இப்போது எல்லாம் போனில்தானாம். தப்பு இருந்தால் அதிலேயே திருத்தம் போடலாம், ஆனால் அந்த இடத்தில் நின்று, படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

“நேர்ல போகாம அனுப்பினா ஏத்துக்காது மேடம். வீட்ல உட்கார்ந்துக்கிட்டே கண்டதையும் அனுப்பிடறாங்க இல்லையா” என்றார் அதிகாரி. குத்திக்காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் பால் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளிடம் இருந்தது பொத்தான் போன். வேறு வழியில்லை, தம்பியைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சகல கருவிகளோடும் வந்தான். முற்றத்துக்குள் நுழைந்ததும், குஷன்கார அம்மாள் மெஷினை நிறுத்துவதற்குள், அக்காக்காரி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“அதை வரைஞ்சது நான்தாங்க. வந்து பார்க்காம வரைஞ்சேன். கட்டிடுவாங்கன்னு நினைச்சேன்.”

குஷன்கார அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அன்னிக்கு என் வாசல்ல நின்னுக்கிட்டு அத்தனை பேரையும் அந்த வாங்கு வாங்கினீங்களே. அதுவும் தெரிஞ்சேதானா?”

“அப்பத் தெரியாது. காகிதத்தைப் பார்த்தப்புறம்தான்.”

“பார்த்தப்புறமும் வாய் வரலையே.”

“வரலை” என்றாள்.

தம்பி சுவர்ப்பக்கம் போய், எடுக்க வேண்டியதற்கு மேலாகவே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சேன் கின்னிச்சேன்னு சொல்ற ஆளு நான் இல்ல. இது எப்ப சரியாகும்?”

“ரெண்டு மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க.”

“அப்ப அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை காலையில வந்து இந்த கேட்டுல உட்காருங்க. அன்னிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. வரவங்களை நீங்களே திருப்பி அனுப்புங்க. எனக்கு வேலை ஓடணும்.”

அப்படியே உட்கார்ந்தாள். அட்சரேகை, ஃபோம் வெளியே தள்ளிய ஒரு கார் சீட்டில், பலகைக்குக் கீழே. முதல் ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே கேள்வி. ஒருத்தன் மட்டும் வண்டியை அணைக்காமலே சண்டைக்கு வந்தான்.

“நீங்க யாருங்க சொல்றதுக்கு? மேப்ல இருக்கு.”

“மேப்ல இருக்கும்யா. அந்தப் பாலத்தைக் கட்டினதே நான்தான்.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாவம், மூளை கலங்கிப்போன ஆள் என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். உள்ளே தையல் மெஷினுக்கு மேலாக ஒரு சிரிப்பு கேட்டது. இரண்டாவது ஞாயிறு குஷன்கார அம்மாள் தேநீர் கொடுத்தாள். “ஆறிப்போயிருக்கும், குடிங்க” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நாலாவது ஞாயிறுக்குள் திருத்தம் வந்துவிட்டது. தம்பி போனை நீட்டிக் காட்டினான். கால்வாய்க்குக் குறுக்கே ஒன்றுமில்லை. வெறும் நீலம்.

ஒரு மாதம் போயிருக்கும். குஷன்கார அம்மாள் போன் செய்தாள்.

“என்ன பண்ணி வச்சீங்க? ஒருத்தரும் வரதில்ல.”

“அதைத்தானே கேட்டீங்க?”

“தொந்தரவு போகணும்னு கேட்டேன், வியாபாரம் போகணும்னா கேட்டேன்? வழி தப்பி வரவங்க திட்டு வாங்கிட்டுச் சும்மாவா போவாங்க? சீட்டு கிழிஞ்சிருக்கும், கையோட தைக்கக் கொடுத்துட்டுப் போவாங்க. பாதி வாடிக்கை அப்படி வந்ததுதான்.”

அக்காக்காரி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “கடைக்கு வர வழியை ஒரு படமா வரைஞ்சு தரேன், மெயின் ரோட்டுல மாட்டிக்கலாம்” என்றாள்.

“வேண்டாம் தாயே. நீங்க ஒருதடவை வரைஞ்சதே போதும். அந்தத் தம்பியை அனுப்புங்க.”

இரண்டு பேருமாகப் போனார்கள். தம்பி முற்றத்தின் நடுவில் நின்று போனைத் தட்டினான். கடைக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், தேடுகிறவர்கள் வந்துவிடுவார்கள் என்றான். புள்ளி ஏழு மீட்டர் மேற்கே போய்விட்டது என்று அக்காக்காரி இரண்டு தடவை திருத்தவைத்தாள்.

“கடைக்கு என்ன பேர் போடட்டும்?” என்று கேட்டான்.

“பாலத்தடி குஷன் கடை.”

“அய்யய்யோ, பாலமே இல்லையேங்க!” என்று அலறினாள் அக்காக்காரி. “இப்பத்தானே எடுத்தோம்? மறுபடியும் அதை மேப்புல ஏத்தறீங்களே!”

“பத்து வருஷமா பாலத்துக்கிட்ட இருக்கிற கடைன்னுதான் எல்லாருக்கும் தெரியும். என் கடை, என் பேரு. நீங்க போடுங்க தம்பி.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். அவன் பொத்தானை அமுக்கினான்.

குஷன்கார அம்மாள் அதற்குள் கறுப்புச் சைக்கிளைச் சுற்றி வந்து, சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன, கல்லா? இதுல உட்கார்ந்துக்கிட்டா இத்தனை வருஷமா ஊரைச் சுத்தினீங்க? அதான் யாரைப் பார்த்தாலும் அந்தக் கோபம்” என்றாள். கேட்காமலே ஸ்பானரை எடுத்து சீட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சீட்டில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அது தைத்து வரும்வரை அக்காக்காரி முற்றத்திலேயே நின்றாள்.