வந்தவர்களின் வாக்கு

இசைக் கழகத்தின் செயற்குழுவில் இருந்தவர் ஐவர். அவருள் மூவர் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். ஐந்தாமவராகிய நில அளவையர் நான்கு மணிக்கெல்லாம் அளவுச் சங்கிலியைச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்பக் கூடியவர். ஆகவே, மாதக் கச்சேரியை ஏழரை மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்றலாம் என்று தலைவர் சொன்னபோது, அந்த மேசையைச் சுற்றி யாருக்கும் அது இடைஞ்சலாகப் படவில்லை.

மாற்றிய பிறகு சீட்டு விற்பனை சரியத் தொடங்கியது. நூற்று நாற்பது பேர் வந்த அரங்கில் நூற்றுப் பத்துப் பேர் வந்தனர். அடுத்த மாதம் எண்பது. எல்லாரும் கைப்பேசியில் பாட்டுக் கேட்பதுதான் காரணம் என்றார் தலைவர். சுவரொட்டியின் நிறம் கண்ணில் படவில்லை என்றார் மருந்துக்கடைக்காரர். அரங்கத்தின் மேலாளரோ காரணம் எதையும் ஆராயவில்லை. தொடர்ந்து மூன்று கச்சேரிக்கு அறுபது பேருக்குக் குறைந்தால் அரங்கத்தை மேசைப்பந்துச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாக ஒரு கடிதம் மட்டும் அனுப்பினார்.

அக்கடிதத்தை அளவையர் இரண்டு முறை படித்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த மேடையில் அவர் புல்லாங்குழல் வாசித்து வந்தார். வேறு மேடை அவருக்கு இல்லை.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றோம். ஜனங்களையே கேட்டுடலாமே, அத்தான்," என்றார். தலைவர் அவருடைய அக்காளின் கணவர்.

"பலே மாப்ளே. அளக்கிறவன் புத்தி அளக்கிறவனுக்குத்தான் வரும்," என்றார் தலைவர்.

அடுத்த கச்சேரிக்கும் எண்பது பேர் வந்தனர்; அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. ஆறு மணி வசதியா என்பதே முதற் கேள்வி. அறுபத்தெட்டுப் பேர் வசதி என்று எழுதினர். நூற்றுக்கு எண்பத்தைந்து என்று அளவையர் கணக்கிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

அடுத்த மாதம் ஐம்பத்திரண்டு பேரே வந்தனர். ஆனால் நாற்பத்தெட்டுப் பேர் வசதி என்று எழுதியிருந்தனர்.

"தொண்ணூத்திரண்டு! ஏறிக்கிட்டே போகுது பார்த்தியா?" என்று தலைவர் அளவையரின் முதுகில் தட்டினார்.

அன்று வீடு திரும்பிய அளவையர், மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் இந்த விந்தையைச் சொன்னார்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"நீதான் இப்பல்லாம் வர்றதே இல்லையே."

"அதனாலதான் கேக்கிறேன். ஆறு மணிக்கு எனக்கு டியூட்டியே முடியாது. பஸ் பிடிச்சு வர ஏழாகும். வேலிக்குள்ள மட்டும் அளந்துட்டு, வெளிய நிலமே இல்லைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

அளவையருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மணி வசதிப்படாதவர் வரவில்லை. வராதவருக்குத் தாள் இல்லை. ஆட்கள் குறையக் குறைய மனநிறைவு ஏறத்தான் செய்யும். மறுநாள் மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்று, இறங்கியவர்களில் நாற்பது பேரைக் கேட்டார். முப்பத்து மூவர் ஏழரை என்றனர்.

அதைச் செயற்குழுவில் வைத்தார். "நான் கேட்ட விதமே தப்பு, அத்தான். வந்தவங்களை மட்டும் கேட்டுட்டேன்."

"வராதவன் பேச்சைக் கேட்டு, வர்றவனையும் விரட்டச் சொல்றியா?"

"வராதவங்க ஏன் வரலைன்னு அவங்கதான சொல்ல முடியும்?"

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஆயிரம் சொல்வான். சீட்டு வாங்கினவன் சொல்லுதான் சொல்லு." தலைவர் கோப்பைத் திறந்து காட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். தப்புன்னு நானே சொல்றேனே."

"அடக்கம், அடக்கம். எங்க மாப்ளே அப்படித்தான்," என்று தலைவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். வாக்கெடுப்பில் ஆறு மணி நான்குக்கு ஒன்று என்று நிலைத்தது. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் வால் போல அளவையர் தம் கணக்கினுள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். இழுக்க இழுக்க அது இறுகிற்று.

அடுத்த கச்சேரிக்கு முப்பத்தொருவர். அதற்கடுத்து, கெடுவின் மூன்றாம் கச்சேரிக்குப் பத்தொன்பது பேர். காலி நாற்காலிகளுக்கு நடுவே தம் குழலோசை தமக்கே திரும்பி வருவதை அளவையர் கேட்டார். ஏழே காலுக்கு மங்களம் முடிந்து தாள்களைக் கொடுத்துக்கொண்டிருக்கையில், கையில் எண்ணெய்க் கறையோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்; பட்டறையிலிருந்து நேரே வந்தவர் போலும்.

"முடிஞ்சிருச்சா?"

அளவையர் அவரிடமும் ஒரு தாளை நீட்டினார். அவர் சுவரில் வைத்து எழுதினார்: ஏழரை என்றால் குடும்பத்தோடு வருவேன்.

தலைவர் அதை வாங்கிப் படித்துத் தனியே வைத்தார். "கச்சேரியே கேக்காதவர் தாளைச் சேத்தா கணக்கு கெட்டுப்போகும். மத்த பத்தொன்பதும் வசதின்னு இருக்கு. முழுசா நூறு. போடு கையெழுத்து."

அக்கணக்கில் ஒரு பொய்யும் இல்லை; அதுவே அளவையரை வதைத்தது. வாசலில் சாவிக்கொத்தோடு மேலாளர் காத்திருந்தார். இதையாவது பார்த்து அவர் மனமிரங்க மாட்டாரா என்னும் நப்பாசையில் ஒப்பமிட்டார்.

மேலாளர் நின்றபடியே படித்தார். "பத்தொன்பது பேருக்கும் முழுத் திருப்தியா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களைத் துரத்துறமேன்னு சங்கடமா இருந்துச்சு. மாடியில பழைய பொருள் போடுற அறை ஒண்ணு இருக்கு. அது உங்களுக்குத் தாராளம். இந்த அரங்கம் மேசைப்பந்துக்காரங்களுக்கு."

"ஐயா, பஸ் நிறுத்தத்துல நான் கேட்ட முப்பத்து மூணு பேர்..." என்று அளவையர் தொடங்கினார்.

"உங்க கையெழுத்துதானே இது?" என்றார் மேலாளர்.

மூவரும் மாடி ஏறினர். அறையில் ஒரு சன்னலும் இல்லை. தலைவர் அங்கிருந்த சாமான்களை ஓரந்தள்ளி, சுவரோரமாக நாற்காலிகளை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இருபது நாற்காலி விழும், மாப்ளே. இனிமே ஒவ்வொரு கச்சேரியும் அரங்கு நிறைஞ்ச கச்சேரிதான். நீ அந்தக் கதவுல சாய்ஞ்சு நின்னு வாசிச்சா இடம் கச்சிதமா இருக்கும். என்ன, முடியிற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது."

அளவையர் கதவில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்தார். வெளியே படிக்கட்டில் யாரோ ஏறி வரும் காலடி கேட்டது. கதவைத் திறக்க வேண்டுமானால், தலைவர் காட்டிய இடத்திலிருந்து அவர் விலக வேண்டும்.

"ஆடாம நில்லு," என்றார் தலைவர். "எண்ணிக்கிட்டிருக்கேன்."