மச்சான் செய்த துப்பாக்கி

எதையும் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியாத ஆள் பழனி. கோயிலில் விபூதி கொடுத்தால்கூட மோந்து பார்த்துத்தான் பூசுவான். வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத மச்சான் வெற்றிவேல், தன் கையால் செய்த நாட்டுத் துப்பாக்கியைத் தருகிறேன் என்றால் நம்பிவிடுவானா?

வெற்றிவேலின் தங்கை நிர்மலாவை வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிப்போய்த் தாலி கட்டியவன் பழனி. "என் கையாலதான் ஒனக்கு சாவு" என்று அன்றைக்கு வெற்றிவேல் கத்தியது வெள்ளிமலைக்கே கேட்டது. போன மாதம் பழனியின் மரவள்ளியைக் காட்டுப்பன்றி புரட்டிப் போட்டதும் அதே வெற்றிவேல், பன்றியைச் சுடத் துப்பாக்கி செய்து தருகிறேன் என்று தானாக வந்து நின்றான். நிர்மலா சந்தோஷத்தில் அழுதாள். பழனிக்குச் சந்தேகம்தான் வந்தது.

திருவிழா அன்று, கோயில் வெடியோடு வெடியாக யாருக்கும் தெரியாமல் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று இருவரும் ஓடைப் பக்கம் போனார்கள். புதுத் துப்பாக்கியை மரத்தில் கட்டி, தள்ளி நின்று விசையைக் கயிற்றால் இழுப்பதுதான் வழக்கம்.

"கட்டிடலாமா மச்சான்?"

வெற்றிவேலின் முகம் சுருங்கியது. "தங்கச்சி வூட்டுக்குன்னு செஞ்சது. கட்டிப் பாத்தா என்னை நம்பலன்னு அர்த்தம். தோள்ல வச்சி நீயே சுடு மாப்ள."

இது போதாதா பழனிக்கு? குறிக்குப் பழைய டப்பா ஒன்றை மாட்ட வெற்றிவேல் போன சமயம், வெடிமருந்தை இடித்துக் கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டான். காலிக் குழல் என்றால் கம்பி முழுசாக இறங்கும். நாலு விரற்கடை வெளியே நின்றது. உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறது. அதன் மேல் இன்னொரு தடவை போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, சுடுகிறவன் முகமே போய்விடும்.

பழனி கம்பியை உருவி வைத்துவிட்டு, திரும்பி வந்தவனிடம் துப்பாக்கியை நீட்டினான்.

"செஞ்சவன் கையாலயே மொத வெடி வெடிக்கட்டும்."

எப்படி நழுவுகிறான் பார்ப்போம் என்று நின்றான். வெற்றிவேல் நழுவவில்லை. நிர்மலாவுக்குப் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று பேசிக்கொண்டே மருந்தைக் கொட்டினான். கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்க்காமலே கெட்டித்தான். நல்லா நடிக்கிறான் என்று நினைத்தான் பழனி. வெற்றிவேல் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். கன்னத்தை ஒட்டிக்கொண்டு, கோயில் வெடிக்காகக் காத்திருந்தான். அவன் விரலில் சின்ன நடுக்கம்கூட இல்லை.

இவனுக்குத் தெரியாது. பழனி பாய்ந்து குழலைக் கீழே அழுத்தினான்.

"சுடாத மச்சான். உள்ள முன்னாடியே மருந்து இருக்குது."

தலைக்கு மேலே கோயில் வெடி வெடித்து ஓய்ந்தது. வெற்றிவேல் கம்பியை விட்டுப் பார்த்தான். "பக்கத்து வூட்டு ராசு நேத்து பாக்கறன்னு வாங்கிக்கினு போனான். மருந்து போட்டுட்டு, பயந்துகினு சுடாமலே குடுத்துட்டான் போல."

பிறகு நிமிர்ந்தான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

பழனியின் கண் கம்பியின் மேல் போனது.

"நான் டப்பா மாட்டப் போனப்பவே தெரியுமா?"

பழனி தலையைக் குனிந்துகொண்டான். அவமானமாக இருந்தது. வெற்றிவேல் பாறையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றினான்.

"வூட்ல கேட்டா மருந்து ஈரம், வெடிக்கலன்னு சொல்லிடு. நீ பாத்துக்கினு நின்னது தங்கச்சிக்குத் தெரிய வேணாம். அது ஒன்கூட வாழணும்."